வெறும் ஸ்டூலுக்கும் ஒரு நம்பர்

தம்பி,

பாதித் தோசையைத் தட்டிலேயே விட்டுவிட்டு ஐயப்பன்தாங்கலுக்கு, உன் நண்பனின் அறைக்குப் போய்விட்டாய். போன் செய்தால் அப்புறம் பேசுகிறேன் என்பாய். நானும் சாப்பிட்டாயா என்று கேட்பதைத் தாண்டி ஒன்றும் கேட்கமாட்டேன். எனக்கு நேரில் பேச வராது. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தும் வண்டியை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தம்வரை போய் நடந்து திரும்பி வருகிறவள் நான். எழுத உட்கார்ந்தால் மட்டும் சொல்ல நினைத்ததைச் சொல்லிவிடுவேன். இன்று ஞாயிற்றுக்கிழமை. டேவிட் அண்ணன் ஒரு ஞானஸ்நானத்துக்குப் படம் எடுக்க ஆவடிக்குப் போயிருக்கிறார். ஸ்டுடியோ ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, நான் எப்போதும் உட்காரும் கம்ப்யூட்டரில் இதை அடித்துக்கொண்டிருக்கிறேன். முடிந்ததும் உன் போனுக்கு அனுப்பிவிடுவேன். பூந்தமல்லி பஸ் நிலையத்துச் சத்தம் உள்ளேவரை கேட்கிறது.

நீ கேட்டது சின்ன விஷயம் என்று நீயும் அப்பாவும் நினைக்கிறீர்கள். உனக்கு வேலை தருவதாகச் சொன்ன கம்பெனியிலிருந்து நாளை இந்த ஸ்டுடியோவுக்கு ஒரு போன் வரும். போன வருடம் முழுக்க நீ இங்கே சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டராக வேலை பார்த்தாயா என்று கேட்பார்கள். ஸ்டுடியோ போனை எடுப்பது நான்தான் என்பதால், நான் ஆமாம் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் நீ கேட்டது. நான் சொல்லமாட்டேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கடிதத்தின் முடிவில் அம்மா மனசு மாறியிருப்பாள் என்று நம்பிக்கொண்டு நீ படிக்க வேண்டாம். ஏன் சொல்லமாட்டேன் என்பதை மட்டும் பொறுமையாகப் படி.

போன வருடத்தைப் பற்றி நாம் இருவரும் பேசியதே இல்லை. கல்லூரி முடிந்தபோது உனக்கு அரியர் இருந்தது. உன்னோடு படித்தவர்கள் கழுத்தில் கம்பெனிப் பட்டையை மாட்டிக்கொண்டு காலையில் நம் தெரு வழியாகப் போனார்கள். நீ சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருப்பாய். நான் வேலைக்குக் கிளம்பும்போது எப்படிப் படுத்திருந்தாயோ, திரும்பி வரும்போதும் அப்படியே இருப்பாய். உன் அப்பா ஆவடி தொழிற்சாலை கேன்டீனிலிருந்து வந்ததும், எழுந்தானா என்று என்னிடம் கண்ணாலேயே கேட்பார். நானும் கண்ணாலேயே இல்லை என்பேன். யாரும் உன்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் உனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்குமோ என்று இப்போது தோன்றுகிறது.

அப்போது எனக்கு ஜூன் மாத வேலை தலைக்கு மேல் இருந்தது. பள்ளிக்கூடம் திறந்ததும் அடையாள அட்டைக்குப் படம் எடுக்கும் வேலை வந்துவிடும் அல்லவா. டேவிட் அண்ணன் பள்ளிக்குப் போய், வருகைப்பதிவேட்டு வரிசைப்படி பிள்ளைகளை ஒவ்வொருவராக ஸ்டூலில் உட்காரவைத்துப் படம் எடுத்துவருவார். கேமரா அந்தப் படங்களுக்குத் தன் இஷ்டத்துக்கு ஒரு நீளமான எண்ணைப் போட்டுத் தரும். நான் ஒவ்வொரு படத்தையும் தொட்டு, பழைய பெயரை அழித்து, ஆறு பி ஒன்று, ஆறு பி இரண்டு என்று பதிவேட்டு எண்ணை அடிக்க வேண்டும். பிறகுதான் பெயர்களும் படங்களும் சேர்ந்து அட்டையாக அச்சாகும். ஒரு பள்ளி முடிவதற்குள் மணிக்கட்டு வீங்கிவிடும். தோசை மாவு கரைக்கக் கரண்டியைப் பிடிக்க முடியாமல் நான் இடது கையால் கரைத்ததை ஒரு நாள் நீ பார்த்தாய். ஒன்றும் கேட்காமல், மறுநாள் சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு ஸ்டுடியோவுக்கு வந்தாய். வாரக்கணக்கில் வீட்டை விட்டு வெளியே வராதவன் நீ. வழியில் நான் எதுவும் பேசவில்லை. பேசினால் திரும்பிவிடுவாயோ என்று பயம்.

முன்பு ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் வைரஸ் வந்தபோது லினக்ஸ் போட்டுத் தந்தது நீதான். அதில் ஒரு கறுப்புத் திரையைத் திறந்து சில வரிகள் அடித்தாய். எனக்கு விளங்கும்படி சொன்னாய். இந்த ஃபோல்டரில் இருக்கும் படங்களை ஒவ்வொன்றாக எடு, ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டே போ, எண்ணை மூன்று இலக்கமாக எழுது, முன்னால் வகுப்பின் பெயரைச் சேர்த்து, படத்தின் பெயரை மாற்று. ஒன்றுக்கு முன்னால் எதற்கு இரண்டு சைபர் என்று கேட்டேன். "இல்லன்னா ரெண்டுக்கு முன்னாடி பத்து வந்து நின்னுடும்மா. கம்ப்யூட்டருக்கு அதுல வெக்கமே கெடையாது" என்று சொல்லிச் சிரித்தாய். கம்ப்யூட்டர் தானே செய்துமுடிக்க எழுதிவைக்கும் இந்த வரிகளுக்கு ஸ்கிரிப்ட் என்று பெயர் என்றாய். அதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று யோசித்து, ஒன்றும் தோன்றாமல் 'அம்மா' என்று வைத்தாய். என்டர் தட்டியதும் ஒரு வகுப்பின் படங்கள் எல்லாம் நான் மூச்சுவிடுவதற்குள் பெயர் மாறி வரிசையில் நின்றன. எனக்குக் கண் கலங்கியது மணிக்கட்டுக்காக இல்லை. நீ சிரித்ததற்காக.

அதன் பிறகு நடந்ததும் உனக்குத் தெரியும். ஆனால் உனக்குத் தெரிந்தது பாதிதான். பாரிவாக்கம் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு அச்சடித்துக் கொடுத்த அட்டைகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு அவர்களுடைய விளையாட்டு ஆசிரியர் ஸ்டுடியோவுக்கு வந்தார். மேஜைமேல் கொட்டினார். ஆறாம் வகுப்பில் ஆரம்பத்திலேயே ஒரு பையன் அன்று பள்ளிக்கு வரவில்லை, அம்மை போட்டிருந்தது. டேவிட் அண்ணன் அவனை விட்டுவிட்டு அடுத்தவனை உட்காரவைத்துவிட்டார். ஸ்கிரிப்டுக்கு அது எப்படித் தெரியும்? இருந்த படங்களை இடைவெளி இல்லாமல் எண்ணிக்கொண்டே போய்விட்டது. வராத பையனின் பெயருக்கு அடுத்த பையனின் முகம். அவன் பெயருக்கு அதற்கு அடுத்தவன். பதிவேட்டில் பையன்கள் முடிந்துதான் பெண்பிள்ளைகள் வருவார்கள். அதனால் கடைசிப் பையனின் பெயருக்கு முதல் பெண்ணின் முகம், இரட்டைப் பின்னலோடு. கடைசிப் பெண்ணுக்கு முகமே இல்லை. பிள்ளைகளுக்கு அது திருவிழா. ஒரு நாள் முழுக்க அட்டையில் இருந்த பெயரைச் சொல்லியே ஒருவரை ஒருவர் கூப்பிட்டார்களாம். வாத்தியார் கூப்பிட்டாலும் சரியான பெயருக்கு யாரும் எழுந்திருக்கவில்லையாம்.

ஆசிரியர் அதைச் சொல்லி முடிக்கும்போது அவரே சிரித்துவிட்டார். ஆனால் அவரோடு வந்திருந்த ஓர் அம்மா சிரிக்கவில்லை. அம்மை போட்டிருந்த பையனின் தாய். வானகரம் மார்க்கெட்டில் பூக்கட்டுபவர், கையில் நார் வாசனை. அட்டையை என் முன்னால் நீட்டி, "அன்னிக்கு எம்புள்ள பள்ளிக்கூடமே வரல. அவன் பேர்ல ஒக்காந்துகினு கீறது யாரு?" என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. யாரோ தன் பிள்ளையின் இடத்தை எடுத்துக்கொண்டார்கள் என்ற பயம்தான் அந்தக் குரலில் இருந்தது. அந்தக் கேள்வி இன்னமும் என்னிடம் இருக்கிறது.

நீ அன்று வந்து பார்த்துவிட்டு, ஸ்கிரிப்ட் சரியாகத்தான் இருக்கிறது, ஆள்தான் தப்பு என்றாய். உண்மை. வராதவர்களின் எண்ணை முன்கூட்டியே தட்டச்சு செய்து கொடுத்தால் அவற்றைத் தாண்டிப் போகும்படி மாற்றுகிறேன் என்றாய். அதுவும் நல்ல யோசனைதான். ஆனால் நான் நினைத்தது வேறு. யார் வரவில்லை என்பது படம் எடுக்கும் அந்த நிமிஷத்தில், அந்த ஸ்டூல் முன்னால் மட்டும்தான் தெரியும். ஸ்டுடியோவுக்கு வந்த பிறகு யாருக்கும் ஞாபகம் இருக்காது. அதனால் வராத பிள்ளையின் முறை வரும்போது வெறும் ஸ்டூலைப் படம் எடுத்தால் போதும். அந்தப் படம் அவன் எண்ணை வாங்கிக்கொள்ளும். அடுத்தவன் அவன் இடத்துக்கு நகரமாட்டான். அவன் குணமாகி வந்ததும் ஸ்டூலை எடுத்துவிட்டு அவனை வைத்துக்கொள்ளலாம்.

இதைச் சொல்ல நானே பள்ளிக்குப் போனேன். உனக்கு இது தெரியாது. பள்ளியில் எல்லாப் படங்களையும் மறுபடி எடுக்கச் சொன்னதால் டேவிட் அண்ணனோடு பைக்கில் போய், வகுப்பு வாசலில், எல்லா ஆசிரியர்களும் பார்க்க நின்றேன். ஒரு பெண் வரவில்லை. அண்ணன் வழக்கம்போல் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். நான் போய் அந்தப் பிள்ளையின் தோளைப் பிடித்து நிறுத்தினேன். அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா தங்கச்சி, வெறும் ஸ்டூல போட்டோ புடிக்கச் சொல்ற? அதுக்கு மூஞ்சி எங்க கீது?"

"அதுக்கு நம்பர் இருக்குண்ணே."

பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். ஒரு பையன் ஸ்டூலைப் பார்த்து, கண்ணை மூடாதே என்று சொன்னான். என் முகம் எரிந்தது. ஆனாலும் நான் நகரவில்லை. அண்ணன் எடுத்தார். என் வாழ்க்கையில் பத்துப் பேர் முன்னால் நான் சொல்லி ஒரு காரியம் நடந்தது அதுதான் முதல் தடவை.

அதோடு முடிந்துவிடவில்லை. அண்ணனுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. பள்ளியிலிருந்து திரும்பும்போது வழியில் டீ குடித்துக்கொண்டே கேமராவில் கண் மூடிய படங்களை எல்லாம் அழித்துவிடுவார். அடுத்த மாதம் வேறு ஒரு பள்ளியில் ஸ்டூல்களை ஒழுங்காக எடுத்தவர், டீக்கடையில் அவற்றையும் வெறும் படம் என்று சேர்த்து அழித்துவிட்டார். ஆனால் அதற்குள் நான் ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்திருந்தேன். நீ அப்போது அரியர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். உன்னைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று, நீ எழுதிய வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்து, தப்புத் தப்பாக அடித்து, நானே கற்றுக்கொண்டேன். முதலில் வகுப்பில் எத்தனை பெயர், ஃபோல்டரில் எத்தனை படம் என்று எண்ணிப் பார்க்கும். இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் ஒரு படத்தின் பெயரைக்கூட மாற்றாமல் நின்றுவிடும். அன்று நின்றுவிட்டது. அண்ணனுக்குக் கல்யாண வேலைக்குப் போக நேரமாகிவிட்டது. அந்த வரியை எடுத்துவிட்டால் ஓடிவிடுமா என்று கேட்டார். ஓடும் என்றேன். அப்படியானால் எடு என்றார். எடுக்கமாட்டேன் என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். நான் ஒவ்வொரு வகுப்பு ஆசிரியரையும் கேட்டு, வராத பிள்ளைகளின் இடத்தில் பழைய ஸ்டூல் படத்தின் நகலை வைத்து, பிறகுதான் ஓட்டினேன்.

கேமராவின் எண்கள் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதைத் தாண்டியதும் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்ததால், கடைசியில் எடுத்த பிள்ளைகள் முதலில் வந்து நின்றார்கள். பெயரைப் பார்த்து வரிசைப்படுத்தாமல், எடுத்த நேரத்தைப் பார்த்து வரிசைப்படுத்தும்படி மாற்றியதும் நான்தான். இப்போது அந்த ஸ்கிரிப்டில் நீ எழுதிய வரிகளைவிட நான் எழுதியவை அதிகம். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுத வந்தேன். இல்லை, பெருமைக்காகவே சொல்கிறேன். எங்கள் வீட்டில் கல்லூரிச் சான்றிதழை முதலில் கையில் வாங்கியவள் நான். அந்தப் படிப்பைத் தபாலில் படித்து முடித்தும், அதை எங்கே வைத்துப் பயன்படுத்துவது என்று தெரியாமலே இத்தனை வருடம் இருந்தேன். உன்னால்தான் தெரிந்தது.

உன் விண்ணப்பத்தை நீ காட்டியபோது நான் படித்தது இதைத்தான். பட நிர்வாக மென்பொருளை வடிவமைத்து, ஒரு வருடம் பராமரித்தவன் நீ என்று அதில் இருந்தது. "நான்தானம்மா எழுதினேன், அதை வேலைன்னு சொன்னா என்ன தப்பு?" என்றாய். நீ எழுதினாய், தம்பி. ஒரு சாயங்காலம் எழுதினாய், அழகாக எழுதினாய். அதைச் சொல். ஒரு வருடம் பராமரித்தது நீ இல்லை. அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது நான். நீ உன் இடைவெளியை மூட என்னை நகர்த்திவிட்டு அங்கே உன் முகத்தை வைத்திருக்கிறாய். அது மட்டும் இல்லை. அரியரோடு மல்லுக்கட்டி, விழுந்து, எழுந்து, ஏப்ரலில் எல்லாவற்றையும் முடித்த ஒருவன் இருந்தானே, அவனையும் நகர்த்திவிட்டாய். அவன் பெயரில் இப்போது யாரோ ஒரு சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அந்த ஆளைத் தெரியாது. எனக்குத் தெரிந்தது, பரீட்சை முடிந்த அன்று வெயிலில் நடந்து வந்து, மூன்று தம்ளர் மோர் குடித்தவன்தான்.

நான் ரொம்ப நல்லவள் என்று இதை எழுதவில்லை. பத்தொன்பது வயதில் உன்னைப் பெற்றேன். இப்போதும் நாம் இருவரும் சேர்ந்து போனால் அக்காவா என்று கேட்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்புக்கும் பட்டத்துக்கும் நடுவே என் விண்ணப்பத்தில் பெரிய வெற்றிடம் இருந்தது. அந்த வருடங்களில் டியூஷன் எடுத்தேன் என்று எழுதச் சொன்னார்கள். நான் எழுதவில்லை. அது நேர்மை இல்லை, கூச்சம். யாராவது எந்தப் பிள்ளைகளுக்கு எடுத்தாய் என்று கேட்டால் எனக்கு வாய் வராது. பொய் சொல்ல ஒரு சாமர்த்தியம் வேண்டும், அது எனக்கு இல்லை. அதனால் போன இடத்தில் எல்லாம், குழந்தை வளர்த்தேன் என்றேன். சில இடங்களில் அதோடு எழுந்து போகச் சொன்னார்கள். டேவிட் அண்ணன் மட்டும், குழந்தையை வளர்த்திருந்தால் கேமரா முன்னால் அழுகிற பிள்ளைகளைச் சமாளிக்கத் தெரியும் என்று சேர்த்துக்கொண்டார். எல்லாருக்கும் அப்படி ஒருவர் கிடைப்பார் என்று நான் உனக்கு வாக்குத் தரவில்லை. கிடைக்காமலும் போகலாம். இந்த வேலை உன் கையைவிட்டுப் போகலாம். அது எனக்குத் தெரிந்துதான் எழுதுகிறேன்.

உன் அப்பாவுக்கு என்மேல் கோபம். "ஒரு ஆமான்னு சொன்னா இன்னா கொறைஞ்சிடப் போற? ஊர்ல எவன் சொல்லாம கீறான்?" என்றார். அவர் கவலை நியாயமானது. கேன்டீனில் நின்று நின்று அவர் கால் நரம்பு சுருண்டிருப்பதை நீ பார்த்திருக்கிறாய். நீ உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. ஆனால் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும், போன வருடம் என்ன செய்தாய் என்று பக்கத்து மேஜைக்காரன் டீ நேரத்தில் கேட்பான். அப்போது எதைச் சொன்னோம் என்று யோசித்துப் பேச வேண்டும். வாயைத் திறக்குமுன் பயப்படுவது எப்படி இருக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? நான் கூச்சத்தால் அப்படி வாழ்ந்துவிட்டேன். நீ ஒரு பொய்யால் அப்படி வாழ வேண்டாம்.

டேவிட் அண்ணனிடம் நேற்றே சொல்லிவிட்டேன். நீ இங்கே வேலை பார்த்ததாகக் கடிதம் எழுதிக் கொடுத்தவர் அவர்தானே. சங்கடப்பட்டார். நம்ம வீட்டுப் பிள்ளை என்றுதான் எழுதிக் கொடுத்தேன், இவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கவில்லை என்றார். கடைசியில், "போனு நீயே எடு தங்கச்சி. நான் எடுத்தா பாசத்துல பொய்யி சொல்லிடுவேன்" என்றார்.

நான் எடுப்பேன். என்ன சொல்வேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், உனக்குத் தெரியாமல் ஒன்றும் நடக்கக்கூடாது. அவன் என் மகன். இங்கே சம்பளத்துக்கு வேலை பார்க்கவில்லை. அந்த வருடம் வீட்டிலிருந்து அரியர் எழுதினான், எல்லாவற்றையும் முடித்தான். எங்களுக்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தான். ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் படங்கள் இன்றும் அதில்தான் பெயர் வாங்குகின்றன. அதை வைத்துத்தான் அவன் அம்மா கற்றுக்கொண்டாள். இவ்வளவையும் தடுமாறாமல் சொல்வேன். காலையிலிருந்து சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் இதை அவர்கள் முதலில் என் வாயிலிருந்து கேட்டால் நீ பொய்யன் ஆகிவிடுவாய். உன் வாயிலிருந்து கேட்டால், தப்பாக எழுதிவிட்டு, தானே திருத்திக்கொண்டவன் ஆவாய். அதன் பிறகும் அவர்கள் வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் நேராக வீட்டுக்கு வா. அடுத்த விண்ணப்பத்தை நாம் இருவரும் சேர்ந்து எழுதலாம். எழுதுவதில் நான் மோசமில்லை என்று இந்தக் கடிதத்தைப் படித்தால் தெரியும். நீ சரி என்றால், பெயர்களை எடுத்துவிட்டு இதை உன் வயதுப் பிள்ளைகள் உள்ள நாலு வீட்டுக்கும் காட்டுவேன். நீ வேண்டாம் என்றால் இது நமக்குள்.

நாளைக்கு ஸ்டுடியோவை நான் பத்து மணிக்குத் திறப்பேன். அதற்கு முன்னால் இங்கே போன் அடித்தால் எடுக்க ஆள் இல்லை. அந்த கம்பெனி ஒன்பது மணிக்கே திறந்துவிடும் என்று நீதான் சொன்னாய்.

அம்மா